வலது பக்கம் திரும்பாத வண்டி

பெருமதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

வணக்கம். இங்கே நானும் என் மனைவியும், அவளுடைய இடது முட்டி நீங்கலாக, சௌக்கியம். தாங்களும் சம்பந்தியம்மாவும் மாப்பிள்ளையும் எங்கள் பெண்ணும் முட்டி உள்பட சௌக்கியமாக இருக்க வேண்டும் என்பதே எங்கள் விருப்பம். தங்கள் வண்டியும் சௌக்கியம் என்று இதே வரியில் சேர்த்து எழுதிவிடத்தான் நினைத்தேன். கை வரவில்லை.

வண்டியைப் பார்க்க வந்த பல் டாக்டர் தங்களிடம் போனில் என்ன சொல்லியிருப்பார் என்று என்னால் ஊகிக்க முடிகிறது. அவர் சொன்னதில் பாதி உண்மை. மீதிப் பாதியும் உண்மைதான், ஆனால் அதற்கு ஒரு முன்கதை இருக்கிறது. அதைத் தாங்கள் என் மூலமாகக் கேட்பதுதான் முறை. பெண்ணைக் கொடுத்த இடத்தில் கெட்ட பெயர் வாங்குவது எனக்குப் பழக்கமில்லை. சொன்ன தேதிக்குச் சட்டையைக் கொடுக்காதவன் என்று தையல் கடை வைத்திருந்த காலம் முழுக்க ஒருவரும் என்னைச் சொன்னதில்லை. இப்போது ஓய்வு பெற்ற பிறகு, அதுவும் சம்பந்தி வண்டியில், அந்தப் பெயர் வந்துவிட்டதே என்று நினைத்தால் தூக்கம் வர மறுக்கிறது. 'உங்க அப்பாகிட்ட ஒரு வண்டியை நம்பிக் குடுத்தோம் பாரு' என்று அங்கே யாரும் என் பெண்ணைச் சொல்ல மாட்டீர்கள். தாங்கள் அப்படிப்பட்டவர் அல்ல. இருந்தாலும் சொல்லாமல் இருப்பதற்கு ஒரு காரணத்தைத் தங்கள் கையில் கொடுத்துவிடுவது என் கடமை.

தாங்கள் அடுக்குமாடிக்குக் குடிபோனபோது அங்கே கார் நிறுத்த இடமில்லை என்று எங்கள் ஷெட்டில் கொண்டுவந்து நிறுத்தினீர்கள். "சும்மா நின்னா கெட்டுப்போயிடும் சம்பந்தி, அப்பப்ப வெளில எடுங்க, உங்க வண்டி மாதிரி நெனச்சுக்குங்க" என்றும் சொன்னீர்கள். நான் ஒருபோதும் அப்படி நினைத்ததில்லை. என் மனைவியை முட்டிப் பயிற்சிக்குக் கூட்டிப்போய் வருவதற்கு மட்டுமே எடுத்தேன். அதுவும் கதவை அடித்துச் சாத்தாமல், குழந்தையைத் தொட்டிலில் கிடத்துவது போலச் சாத்தினேன். அப்படியிருக்கையில்தான் தாங்கள் போன் செய்து, ஒரு பல் டாக்டர் பழைய வண்டிகளில் பிரியமுள்ளவர், இதை வாங்கிக்கொள்ள விரும்புகிறார், அவர் வருவதற்குள் அந்த ஒயரிங் கோளாறை மட்டும் யாரிடமாவது காட்டிவிடுங்கள் என்றீர்கள். பிரேக்கை மிதித்தால் கூரை விளக்கு மினுக் மினுக்கென்று எரிவதும், ராத்திரி நிறுத்தினால் காலையில் பாட்டரி செத்துக் கிடப்பதும் தங்கள் காலத்திலேயே இருந்த கோளாறு என்பதை இங்கே மரியாதையுடன் ஞாபகப்படுத்திக்கொள்கிறேன். யாரிடமாவது காட்டுங்கள் என்றுதான் சொன்னீர்கள். நான்தான், "எதுக்கு சம்பந்தி வெளி ஆளு, நானே பாத்துடறேன்" என்றேன். ஆழம் தெரியாமல் காலை விடுவது என்பார்களே, நான் இரண்டு காலையும் விட்டு, கையையும் ஊன்றிக்கொண்டேன்.

எனக்கு அந்தத் தைரியம் வந்ததற்குக் காரணம் இருக்கிறது. கோட்டுக்குள் லைனிங் எங்கே பிடிக்கிறது என்று வெளியிலிருந்து விரலால் தடவியே சொல்லுவேன். துணியில் இழையைத் தேடியவனுக்கு வண்டியில் ஒயரைத் தேடத் தெரியாதா என்று நினைத்தேன். ஸ்டீரிங்குக்குக் கீழே இருந்த பலகையைக் கழற்றினேன். உள்ளே கறுப்பு டேப் சுற்றிய ஒரு கட்டு, கை மொத்தம் இருந்தது. பழைய கோட்டைப் பிரிக்கிற மாதிரி அதை ஓரத்திலிருந்து பொறுமையாகப் பிரித்தேன். பிரித்த பிறகுதான் தெரிந்தது, ஒரு காலத்தில் சிவப்பும் பச்சையும் மஞ்சளுமாக இருந்த ஒயர்கள் எல்லாம் வயதாகி ஒரே நிறத்துக்கு வந்துவிட்டன. ஆறிப்போன டீயின் நிறம். எது ஹாரனுக்குப் போகிறது, எது விளக்குக்குப் போகிறது என்று அந்த வண்டியைச் செய்தவனே வந்தாலும் சொல்ல முடியாது. எங்கள் தொழிலில் இதற்கெல்லாம் கைகண்ட மருந்து ஒன்று உண்டு. குண்டூசி. இரண்டு துணி சேரும் இடத்தில் குண்டூசி குத்தி வைத்துக்கொண்டால் பிறகு குழப்பமே வராது. அதேபோல ஒவ்வொரு ஒயராக விரலால் பிடித்துக்கொண்டு போய், இரண்டு ஒயர் ஒட்டி ஓடும் இடங்களில் எல்லாம், தலையில் கலர் மணி வைத்த குண்டூசியால் இரண்டையும் சேர்த்துக் குத்திக்கொண்டே போனேன். வேலை முடிந்து பார்த்தபோது எனக்கே திருப்தியாக இருந்தது. என் மனைவி எட்டிப் பார்த்தாள். கடையில் என் பக்கத்திலேயே உட்கார்ந்து நான் குத்திக் கொடுத்த இடத்தில் எல்லாம் பித்தானுக்குக் காஜா எடுத்தவள், வேலையின் அருமை தெரிந்தவள். "ரொம்ப நல்லா இருக்குங்க. இத்தோட விட்டுடுங்க" என்றாள். நான் விடவில்லை. பாட்டரியை மாட்டினேன்.

அன்றிலிருந்து அந்த வண்டி பிரேக்கை மிதித்தால் கூரை விளக்கு எரிகிற வண்டி மட்டுமாக இல்லை. முன் விளக்கைப் போட்டால் வைப்பர் ஆடியது, மழை இருந்தாலும் இல்லாவிட்டாலும். ரிவர்ஸ் கியர் போட்டால் ரேடியோ தானாகப் பாட ஆரம்பித்தது. தங்கள் காலத்தில் அந்த ரேடியோ எவ்வளவு திருகியும் வாயே திறக்காது என்று மாப்பிள்ளை சொல்லியிருக்கிறார், அந்த அளவில் இதை ஒரு முன்னேற்றம் என்றுதான் எடுத்துக்கொண்டேன். ஆனால் வலது பக்க இண்டிகேட்டரைப் போட்டால் ஹாரன் அடித்ததுதான் தாங்க முடியவில்லை. அதுவும் ஒரே மூச்சாக அல்ல. விளக்கு எப்படி விட்டு விட்டு எரியுமோ அதே தாளத்தில் விட்டு விட்டு அடித்தது. முதல் முறை அது நடந்தபோது முன்னால் போன லாரிக்காரர் வண்டியை நிறுத்தி இறங்கி வந்து, "என்ன பெரியவரே, அவசரமா? இல்ல, கச்சேரியா?" என்று கேட்டார். அவசரமில்லை என்று சொல்லி மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன். பிரிக்கப் போனதில் ஒரு கிழிசல் நாலு கிழிசல் ஆனதுதான் மிச்சம்.

இண்டிகேட்டர் போடாமல் திரும்பலாமே என்று தாங்கள் கேட்கலாம். சம்பந்தி, தங்கள் வண்டியை வைத்துக்கொண்டு நான் விதி மீறுவேனா? ஆகவே வலது பக்கம் திரும்புவதையே நிறுத்திவிட்டேன். முட்டிப் பயிற்சி நடக்கிற இடம் எங்கள் வீட்டிலிருந்து நேராகப் போய் ஒரே ஒரு வலது பக்கம். சுருக்கான வழி. அதற்குப் பதிலாக இடது, இடது, இடது என்று மூன்று முறை திரும்பினால் அதே திசைக்கு வந்துவிடலாம் என்பது கணக்கு. கணக்கு சரிதான், தெருக்கள்தான் கணக்குப் படிக்கவில்லை. ஒன்று ஆற்றங்கரையில் கொண்டுபோய் விட்டது. இன்னொன்று கடிகாரக் கடைகளாகவே இருக்கிற ஒரு தெருவில் விட்டது. அங்கே எல்லாக் கடிகாரமும் வேறு வேறு மணி காட்டியதால் நாங்கள் எவ்வளவு தாமதம் என்றும் தெரியவில்லை. இத்தனை வருஷமாக இதே ஊரில் இருந்தும் அந்தத் தெருக்களை நாங்கள் பார்த்ததில்லை, வீடும் கடையும் கடையும் வீடுமாகவே இருந்துவிட்டோம். அவளுக்கு வலி தெரியாமல் இருக்கட்டுமே என்று பழைய வாடிக்கையாளர்களின் இடுப்பளவுகளைப் பற்றிச் சொல்லிக்கொண்டே ஓட்டினேன். வருஷா வருஷம் ஒரே அளவைச் சொல்லி, தைத்துக் கொடுத்ததும் துணி சுருங்கிவிட்டது என்று சண்டைக்கு வருவாரே ஒரு வக்கீல், அவரைப் பற்றிச் சொன்னபோது கண்ணில் நீர் வருகிற வரைக்கும் சிரித்தாள். பாவம், முட்டி வலியை அப்படித்தான் மறக்க வேண்டியிருக்கிறது. பயிற்சி கொடுக்கும் பெண் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "அம்மாவுக்கு நல்லாயிடுச்சு சார், இனி வீட்லயே செஞ்சா போதும்" என்கிறாள். வீட்டுக்கு வந்தால் இவள், "அந்தப் பொண்ணுக்கு என்னங்க தெரியும், உள்ள வலிக்குது" என்கிறாள். யாரை நம்புவது? வலிக்கிறவள் சொல்வதைத்தானே நம்ப வேண்டும். அதனால் போய்க்கொண்டிருக்கிறோம். வழியில் குடிக்க அவள் டீ எடுத்துவரும் பிளாஸ்க்தான் நாளுக்கு நாள் பெரிதாகிக்கொண்டு வருகிறது.

இதற்குள் பல் டாக்டர் வருகிற நாள் நெருங்கிவிட்டது. மானத்தை விட்டு வெளி ஆளைக் கூப்பிட்டேன். வண்டிகளுக்கு ஒயரிங் பார்க்கிறவர், பெயர் கேட்டால் எல்லோரும் கும்மிருட்டு என்றுதான் சொல்கிறார்கள். ஒரு முறை யார் வீட்டுக்கோ உதவியாகப் பியூஸ் போடப் போய் அந்தத் தெருவையே இருட்டாக்கியவராம். வண்டி ஒயரிங் மட்டும் எனக்கு விரல் நுனி என்று அவரே சொன்னார், அவரே ஒப்புக்கொண்டார். வாயில் ஒரு பாட்டு ஓயாமல் ஓடிக்கொண்டே இருந்தது. பலகையைக் கழற்றி, டார்ச்சை அடித்தார். பாட்டு நின்றது.

"யாருங்க இது, ஒயருக்குத் தையல் போட்டது?"

நான் வானத்தைப் பார்த்தேன். என் மனைவி என்னைப் பார்த்தாள்.

"ரெண்டு ஒயரை இரும்பு ஊசியால சேத்துக் குத்தினா ரெண்டும் ஒண்ணாயிடாதா? இங்க போற கரண்ட் அங்கயும் போவும். விளக்குக்குப் போறது வைப்பருக்குப் போவும். நல்லவேளை, வண்டி எரியல."

குண்டூசி இரும்பு என்பதும் இரும்பில் கரண்ட் ஓடும் என்பதும் எனக்குத் தெரியாத விஷயங்கள் அல்ல, சம்பந்தி. குண்டூசி கையில் இருக்கும்போது ஞாபகத்துக்கு வராத விஷயங்கள், அவ்வளவுதான். அவர் ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பிடுங்கி ஒரு தகர டப்பாவில் போட்டு, என்னிடம் தராமல் என் மனைவியின் கையில் கொடுத்து, "அம்மா, இதை இவரு கண்ணுல காட்டாதீங்க" என்றார். பிறகு என்னையும் நிற்கவைத்து, அந்தப் பலகையை இனிமேல் தொடுவதில்லை என்று என் கத்தரிக்கோல் மேல் சத்தியம் வாங்கிக்கொண்டார். நானும் செய்து கொடுத்தேன். அந்தச் சத்தியத்தை இன்றுவரை காப்பாற்றி வருகிறேன்.

மூலக் கோளாறையும் அவரே கண்டுபிடித்தார். சொல்லத் தயக்கமாக இருக்கிறது, ஆனாலும் வரலாறு முழுமையாக இருக்க வேண்டும். ஓட்டுபவருக்குப் பக்கத்தில், மிதியடிக்குக் கீழே, ஒரு போல்ட் இருக்கிறது. விளக்கு, பிரேக் எல்லாவற்றுக்கும் போன கரண்ட் அந்த போல்ட் வழியாகத்தான் திரும்பி வண்டியின் உடம்புக்குள் இறங்க வேண்டுமாம். அது துருப்பிடித்து மாவாகிக் கிடந்தது. "போற வழி நல்லா இருந்து வர்ற வழி அடைச்சிருந்தா என்ன பண்ணும்? பக்கத்து வீட்டுக்குள்ள பூந்துதான் வரும். அதான் பிரேக் கரண்ட் கூரை விளக்குக்குள்ள பூந்து வருது" என்றார். பாட்டரி தூக்கத்திலேயே காலியானதற்கும் அந்த மாதிரித் திருட்டு வழிகள்தான் காரணமாம். துரு எப்படி வந்தது என்று கேட்டேன். "இந்த மூலையில வருஷக்கணக்கா யாரோ ஈரக் குடையைச் சாத்தி வச்சிருக்காங்க" என்றார். யார் என்று நான் கேட்கவில்லை. அவர் குடைக்காரரைத் திட்ட ஆரம்பித்தபோது பேச்சை மாற்றிவிட்டேன். உப்புத்தாளால் தேய்த்து, புது போல்ட் போட்டு முடுக்கினார். அவ்வளவுதான். கூரை விளக்கு அடங்கியது, வைப்பர் அடங்கியது, ரேடியோ மறுபடி ஊமையானது. அவர் போன பிறகு ஷெட்டில் நின்றபடியே வலது இண்டிகேட்டரைப் போட்டுப் பார்த்தேன். டிக், டிக், டிக். ஹாரன் மூச்சு விடவில்லை. சந்தோஷத்தில் என் மனைவியைக் கூப்பிட்டு, "இனிமே ஒரே ஒரு வலது பக்கம், சுருக்கப் போய்ச் சுருக்க வந்துடலாம்" என்றேன். சந்தோஷம் தாங்காமல் அவளுக்குப் பேச்சே வரவில்லை. உள்ளே போய்விட்டாள்.

டாக்டர் வருவதற்கு முதல் நாள் அவள் செய்த வேலையைத் தாங்கள் பார்த்திருக்க வேண்டும். வலிக்கிற முட்டியை வைத்துக்கொண்டு வண்டிக்குள் குனிந்து, மிதியடியை உதறி, ஸ்டீரிங்குக்குக் கீழே கையைவிட்டுத் துடைத்து, வெகு நேரம் வெளியே வரவே இல்லை. நான் உதவிக்குப் போனால், "நீங்க போங்க, வாங்க வர்றவரு உள்ள எல்லாம் பாப்பாரில்ல" என்று துரத்திவிட்டாள். சம்பந்தி வண்டி நல்லபடியாகக் கைமாற வேண்டும் என்று என்னைவிட அவளுக்குத்தான் அக்கறை.

மறுநாள் டாக்டர் வெள்ளைச் சட்டையில் வந்தார். வண்டியைச் சுற்றி வந்து, வாயைத் திறக்கச் சொல்கிற மாதிரியே பானெட்டைத் திறக்கச் சொல்லி, எட்டிப் பார்த்துத் திருப்தியாகத் தலையாட்டினார். இன்ஜின் சத்தத்தைக் கேட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். கிட்டத்தட்ட வாங்கிவிட்டார் என்றே சொல்ல வேண்டும். நான் பெருமையாக, "லைட்டைப் போட்டுப் பாருங்க டாக்டர்" என்றேன். போட்டார். வைப்பர் ஆடியது. துடைத்த கண்ணாடியில் மிச்சமிருந்த சோப்புத் தண்ணீரை அள்ளி அவருடைய வெள்ளைச் சட்டைமேல் அடித்தது, ஜன்னல் திறந்திருந்தது. அவர் பதறி ரிவர்ஸ் போட்டார். ரேடியோவில் ஒருவர் விவசாயிகளுக்கு உரம் பற்றி அறிவுரை சொல்ல ஆரம்பித்தார். எப்படியோ தெருவுக்கு எடுத்துக்கொண்டு போய்த் தெருமுனையில் வலது பக்கம் திரும்பப் பார்த்தார். ஹாரன் விட்டு விட்டு அடித்தது. எல்லா வீட்டிலிருந்தும் எட்டிப் பார்த்தார்கள். பழகிய சத்தம் என்பதால் எனக்குக் கை அசைத்துவிட்டு உள்ளே போனார்கள். டாக்டர் இறங்கினார். "சொத்தைன்னா அடைக்கலாம் சார். இது வேரோட பிடுங்க வேண்டிய கேஸ்" என்று சொல்லிவிட்டு, சட்டையைப் பிழிந்துகொண்டே போனார். கொடுத்த டீயைக்கூடக் குடிக்கவில்லை. என் மனைவி அவர் மனம் நோகக் கூடாதென்று வாசல்வரை போய், "போய்ட்டு வாங்க டாக்டர்" என்று அத்தனை மலர்ச்சியோடு வழியனுப்பினாள். அந்த நேரத்திலும் மரியாதை தவறாத மனுஷி.

இப்போது எனக்குப் புரியாதது ஒன்றே ஒன்றுதான். பிடுங்கிப் போட்ட கோளாறு எப்படித் திரும்பி வரும்? கும்மிருட்டுக்குப் போன் போட்டால், வெளியூரில் இருக்கிறேன், நான் தொட்டது தொட்டபடிதான் இருக்கும், நீங்கள் திரும்பக் கையை வைத்தீர்களா என்று என்னையே அதட்டுகிறார். பலகையைத் திறந்து பார்க்கலாம் என்றால் சத்தியம் தடுக்கிறது. "கத்தரி மேல பண்ண சத்தியம், மீறாதீங்க" என்று என் மனைவியும் காவல் நிற்கிறாள். யோசித்து யோசித்து நானே ஒரு முடிவுக்கு வந்திருக்கிறேன். பழகிய கோட்டைப் பிரித்துத் தைத்தாலும் போட்ட மடிப்பு லேசில் போகாது, இரண்டு நாளில் பழைய இடத்திலேயே வந்து விழும். ஒயருக்கும் அப்படி ஏதோ இருக்க வேண்டும். கும்மிருட்டு வெள்ளிக்கிழமைக்கு முன்னால் திரும்பிவிடுவாராம். டாக்டரை எப்படியாவது சமாதானப்படுத்தி வெள்ளிக்கிழமை ஒருதரம் அனுப்பி வையுங்கள். அவருடைய சட்டைக்கு நான் பொறுப்பு, புதிதாகவே தைத்துக் கொடுத்துவிடுகிறேன். சொன்ன தேதிக்கு வண்டியைச் சரியாக ஒப்படைக்காமல் விட்டால் நான் கத்தரி பிடித்ததற்கே அர்த்தமில்லை.

மாப்பிள்ளைக்கும் எங்கள் பெண்ணுக்கும் எங்கள் ஆசிகள், நூறு வருஷம் ஒரே தையலில் இருக்கட்டும். சம்பந்தியம்மாவுக்கு எங்கள் இருவரின் வணக்கம். பெண்ணிடம் இந்தக் கடிதத்தைக் காட்ட வேண்டாம், அப்பாவைப் பற்றி அவள் கொஞ்சம் நல்லபடியாக நினைத்துக்கொண்டிருக்கிறாள்.

இப்படிக்கு,
தங்கள் வண்டிக்குக் காவலிருக்கும்,
பெண்ணைப் பெற்றவன்

பின்குறிப்பு (இது என் கையெழுத்து, அவருடையது இல்லை):

அண்ணாவுக்கு வணக்கம். கவரை ஒட்டி வைன்னு சொல்லிட்டு அவர் குளிக்கப் போயிருக்கார். எழுதினதைப் படிச்சேன். மனுஷர் ஒரு வார்த்தைகூடப் பொய் எழுதலை. அதான் கஷ்டமா இருக்கு. ஒயர்ல மடிப்பெல்லாம் ஒண்ணும் விழலை. வண்டியைத் துடைச்ச அன்னிக்கு ஊசியைத் திரும்பக் குத்தினது நான்தான். பழைய ஓட்டை அப்படியே இருந்துச்சு. நாற்பது வருஷமா அவர் குத்தின இடத்தைப் பாத்துத்தானே காஜா எடுத்திருக்கேன், எனக்கு இடம் தெரியாதா. அந்த ஹாரன் ஒண்ணு போதும்னுதான் போனேன். வைப்பரும் ரேடியோவும் கை பழக்கத்துல வந்துடுச்சு.

முட்டி எப்பவோ நல்லாயிடுச்சு. சொன்னா வெளில போறது நின்னுடும்னு சொல்லலை. கடையில இத்தனை வருஷம் பக்கத்துலதான் உக்காந்திருந்தேன், ஆனா அவர் மெஷினைப் பாப்பார், நான் துணியைப் பாப்பேன். பேசினா தையல் கோணிடும்னு சொல்லுவார். இப்ப வண்டியில உக்காந்தா ஆத்தங்கரை வர்ற வரைக்கும் பேசிக்கிட்டே வர்றார். நல்லாப் பேசறார் அண்ணா. இத்தனை நாள் எனக்கே தெரியாது.

வண்டியை எங்களுக்கே விட்டுடுங்க. பொண்ணைக் குடுத்த இடத்துல அவர் வாய் திறந்து கேக்க மாட்டார், அதனால நான் கேக்கறேன். அதுக்கு உங்களுக்கு மனசில்லைன்னா பரவாயில்லை, டாக்டரை வெள்ளிக்கிழமை தாராளமா அனுப்பி வைங்க.

என்கிட்ட இன்னும் ரெண்டு டப்பா குண்டூசி இருக்கு.